நவீன வாழ்க்கை இலக்கியத்திலும் தத்துவத்திலும் எப்படிப் பதிவாகிறது?

பெர்லினை எடுத்துக்கொள்ளலாம். 1871இல் 8 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த அதன் மக்கள்தொகை, 1900க்குள் 19 லட்சத்தை நெருங்கியது. இந்த நெரிசல் மனத்தை என்ன செய்கிறது என்று 1903இல் ஆராய்ந்தவர் ஜெர்மன் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல். ஓயாத தூண்டல்களிலிருந்து தப்பிக்க நகரவாசி மரத்துப்போகிறான். எதையும் பணத்தால் அளக்கிறான். பெர்லின் கடிகாரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஒரு மணி நேரம் பிசகினாலே வணிகம் குலைந்துவிடும் என்றார் சிம்மல்.

நாவல் இதை வடிவத்திலேயே பிடித்தது. ஆல்ஃபிரட் டோப்ளினின் ‘பெர்லின் அலெக்சாண்டர்பிளாட்ஸ்’ (1929), சிறையிலிருந்து விடுதலையானவனின் கதை. நடுநடுவே டிராம் நிறுத்தங்கள், விளம்பரங்கள், வானிலை அறிக்கை, இறைச்சிக்கூடக் கணக்குகள் எல்லாம் வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். பலர் அவற்றைத் தாண்டிவிட்டுக் கதையை மட்டும் படிக்கிறார்கள். அப்படிப் படித்தால் மிஞ்சுவது ஒரு சாதாரணக் குற்றக்கதைதான். சிம்மல் சொன்ன அந்தத் தூண்டல் வெள்ளம் முழுக்க அந்த ஒட்டுத்துண்டுகளில்தான் இருக்கிறது.