அந்தத் தாளை டைப் அடித்தவள் நான்தான்

கேள்வி: உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஏழு வருடம் நான்கு மாதமாக மெஷின் ஆபரேட்டராக இருக்கிறேன். மாதம் 18,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000. இ.எஸ்.ஐ., பி.எஃப். இரண்டும் உண்டு. ஆர்டர் இல்லை என்று எங்கள் லைனில் பதினொரு பேரை நிறுத்துகிறார்கள். ‘சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு விலகுகிறேன்’ என்று டைப் அடித்த தாளைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே செட்டில்மென்ட் என்கிறார் ஹெச்.ஆர். மூன்று பேர் போட்டுவிட்டார்கள். நானும் போடலாமா? வேலை போனால் அரசாங்கம் ஏதோ பணம் தரும் என்கிறார்களே, உண்மையா அம்மா?

பதில்: போடாதீர்கள், தம்பி. உங்களுக்குக் கொடுத்த கெடு இந்த இதழ் வருவதற்குள் முடிந்துவிடும் என்பதால் போனிலும் சொல்லிவிட்டேன். மற்ற பத்துப் பேருக்காக இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தத் தாள் எனக்குப் பழக்கமானது. ஒரு மில்லில் சம்பளப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். அங்கே அதை டைப் அடித்தவள் நான்தான். பெயர், டோக்கன் நம்பர், தேதி மூன்றுக்கும் புள்ளி வைத்து இடம் விட்டு, ஐம்பது பிரதி ஜெராக்ஸ் எடுத்து வைப்போம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. “எங்கேம்மா போடணும்?” என்று கேட்டவர்களே அதிகம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடைசியில் மில்லை மூடியபோது எனக்கும் அதே தாள் வந்தது. பெருக்கல் குறிகூட என் கையால் போட்டதுதான். அதன் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

சரி, உங்கள் கணக்கைப் பார்ப்போம். நிர்வாகம் ஆளைக் குறைத்தால் அதற்குப் பெயர் ஆட்குறைப்பு. ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அந்த மாதச் சம்பளம், அதோடு ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். 1947-ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது இது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. உங்கள் முழுச் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் முன்னறிவிப்புச் சம்பளம் 18,000. ஏழு வருடத்துக்குச் சுமார் 63,000. (ஏழு வருடத்தோடு ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் எட்டாகக் கணக்கிடுவார்கள். நான்கு மாதம்தான் என்பதால் அது உங்களுக்கு இல்லை.)

அடுத்தது நீங்கள் கேட்ட அரசாங்கப் பணம். இருக்கிறது. தருவது இ.எஸ்.ஐ. கழகம். 2018-இல் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டம். காலத்தை நீட்டித்து நீட்டித்துத்தான் நடத்துகிறார்கள். வாயில் நுழையாத பெயர், கவுன்ட்டரில் ‘வேலையில்லாப் படி’ என்று கேட்டாலே புரிந்துகொள்வார்கள். முதலில் சராசரி நாள் வருமானத்தில் கால் பங்கு தந்தார்கள், 2020 மார்ச்சிலிருந்து பாதி. வாழ்நாளில் மொத்தம் 90 நாளுக்கு மட்டும். குறைந்தது இரண்டு வருடம் இ.எஸ்.ஐ. உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும். கடைசிச் சந்தா காலமான ஆறு மாதத்தில் 78 நாளும், அதற்கு முந்தைய மூன்று சந்தா காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

உங்கள் இரண்டு வருடச் சம்பளம் 4,32,000. அதை 730 நாளால் வகுத்தால் நாளுக்குச் சுமார் 592 ரூபாய். பாதி 296. தொண்ணூறு நாளுக்கு 26,600 ரூபாய் வருகிறது. அந்தக் காலத்துக்கு உங்களுக்கும் குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமும் உண்டு. ஆட்குறைப்பு, ஆலை மூடல் என்று எழுத்தில் இருந்தால் 2005-இல் வந்த ராஜீவ் காந்தி பெயரிலான பழைய திட்டத்தையும் கேட்டுப் பாருங்கள். அது இரண்டு வருடம் வரை நீளும்.

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம். தானாக விலகினவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. வேலையில்லாப் படியும் தானாக வேலையை விட்டவருக்கு இல்லை. 18,000, 63,000, 26,600 மூன்றையும் கூட்டிப் பாருங்கள். அந்த ஒரு கையெழுத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை ஒரு லட்சத்துக்கு மேல். ‘இன்றைக்கே செட்டில்மென்ட்’ என்று ஆசை காட்டுகிறார்களே, அது என்ன பணம்? பணிக்கொடை. ஐந்து வருடம் முடித்தவர் எப்படி விலகினாலும் வாங்கக்கூடியது. 12,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 7-ஆலும் பெருக்கினால் 48,461 ரூபாய். உங்களுக்கே சேர வேண்டியதை உங்களிடமே பரிசாக நீட்டுகிறார்கள்.

போட மாட்டேன் என்று சண்டைக்குப் போக வேண்டாம். “ஆட்குறைப்பு என்று எழுத்தில் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். கேட்டில் நிறுத்திவிட்டால், அன்றைக்கே நிர்வாகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் நாலு வரி: நான் ராஜினாமா செய்யவில்லை, வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். நகலைத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வேலையில்லாப் படிக்குக் கம்பெனி வழியாகப் போகத் தேவையில்லை, வேலை போய் 30 நாள் ஆனதும் நீங்களே கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட அந்த மூன்று பேரும் மிரட்டி வாங்கினார்கள் என்று உடனே எழுதிக் கொடுக்கட்டும். நாள் ஆக ஆக அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: என் தம்பிக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் 60,000 சம்பளம். எட்டு வருடம் வேலை பார்த்தவனைப் போன மாதம் அனுப்பிவிட்டார்கள். பி.எஃப். பணம் முழுவதையும் எடுத்துவிடலாம் என்கிறான். அவனுக்கு வேலையில்லாப் படி உண்டா?

பதில்: கிடையாது. இ.எஸ்.ஐ. வரம்பு மாதம் 21,000. அதற்கு மேல் வாங்குகிறவர்களுக்கு வேலை போனால் அரசாங்கத்தின் மாதப் படி என்று ஒன்றும் இல்லை, சொந்தச் சேமிப்புதான்.

அந்தச் சேமிப்பில் முக்கால் பங்கை எடுக்கலாம், தப்பில்லை. வீட்டு வாடகையும் கடன் தவணையும் காத்திருக்காது. ஆனால் பி.எஃபுக்குள் பென்ஷன் என்று தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது, அதைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். பத்து வருடச் சேவை இருந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன். தம்பிக்கு எட்டு ஆகிவிட்டது, அடுத்த கம்பெனியில் இரண்டு வருடம் பார்த்தால் போதும். இப்போது எடுத்துவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

இன்னொன்று. கம்பெனி விலகிய தேதியைப் பதிவு செய்யாமல் விட்டால் பணம் கேட்கும் விண்ணப்பம் நகராது. அதற்காக ஹெச்.ஆருக்குப் போன் மேல் போன் போட வேண்டாம். கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனபின், பி.எஃபின் யு.ஏ.என். கணக்கில் தம்பியே அந்தத் தேதியைப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: மகள் பி.காம். ஒரு கடையில் மூன்று வருடம் பில்லிங் வேலை, 15,000 சம்பளம். கடையை மூடிவிட்டார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உதவித்தொகை தருவார்களாமே?

பதில்: அது வேறு, ஐயா. தமிழக அரசின் அந்த உதவித்தொகை, பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தும் வேலை கிடைக்காதவர்களுக்கு. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பிளஸ் டூவுக்கு 400. குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000-ஐத் தாண்டக் கூடாது. அதற்காக வரிசையில் நிற்கும் முன் மகளின் பழைய சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் இ.எஸ்.ஐ. என்று மாதம் 113 ரூபாய் பிடித்திருந்தால், சீட்டின் நகலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.