பூப்போட்ட குடையும் பனங்கொட்டைப் பேரேடும்

கேள்வி: என் அம்மா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அப்பாவுக்கு வயது 68. அரசு அலுவலகம் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவின் காரியங்கள் முடிந்த சில மாதங்களில் அவருடைய போக்கு மாறிவிட்டது. செருப்பு அணிவதை விட்டுவிட்டார். விடியற்காலையில், வெயிலும் மழையும் இல்லாத நேரத்தில், அம்மாவின் பூப்போட்ட குடையை விரித்துப் பிடித்தபடி ஏரிக்கரைக்குப் போய்ப் பனங்கொட்டைகளைப் புதைக்கிறார். பழம் விழாத மாதங்களில் முளைத்தவற்றை எண்ணிவிட்டு வருகிறார். வழியெல்லாம் அம்மாவிடம் பேசுவதுபோல உரக்கப் பேசுகிறார். வீட்டுக்கு வந்ததும் பழைய பேரேடு ஒன்றில் தேதி, இடம், எண்ணிக்கை என்று கணக்கு எழுதுகிறார். 1,412 வரை வந்திருக்கிறது. ஒரே இடமாக இருந்தால் 'மேற்படி' என்று வேறு எழுதுகிறார். தெருப்பிள்ளைகள் அவரைப் 'பனங்கொட்டைப் பைத்தியம்' என்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் கேலி செய்தால், "உங்கள் பேரன் நுங்கு தின்னும்போது என்னைத் திட்டமாட்டான்" என்று சிரிக்கிறார். மற்றபடி சாப்பாடு, தூக்கம், சர்க்கரை மாத்திரை எல்லாம் நேரத்துக்கு நடக்கின்றன. அடுத்த மாதம் என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அன்றைக்கு அப்பாவைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிடலாம், பிறகு வயிற்றைப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லி அழைத்துப் போய் ஏதாவது ஓர் இல்லத்தில் சேர்த்துவிடலாம், நிலத்தையும் வங்கிக் கணக்கையும் இப்போதே தன் பொறுப்புக்கு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் அண்ணன். அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா? நான் என்ன செய்வது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு கடிதத்தை வைத்து ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல எவராலும் முடியாது. அதைச் சொல்லும் தகுதி எனக்கும் இல்லை. ஆனால் உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். அப்பா ஊரில் உள்ள மற்ற 68 வயதுக்காரர்களைப்போல இருக்கிறாரா என்று நீங்கள் பார்க்கிறீர்கள். இல்லைதான். நல்ல மருத்துவர் ஒருவர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது, அவர் பழைய தம்மைப்போல இருக்கிறாரா என்பது. அந்தக் கேள்விக்கான விடையை, அறியாமலே, உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பைத்தியத்துக்குச் சான்றாக நீங்கள் காட்டும் அந்தப் பேரேட்டைத்தான் சொல்கிறேன். இத்தனை மாதங்களாகத் தேதி பிசகாமல், இடம் குறித்து, கூட்டுத்தொகை போட்டு, திரும்ப வரும் இடத்துக்கு 'மேற்படி' என்று எழுதி ஒருவர் கணக்கு வைத்திருக்கிறார் என்றால், வாழ்நாளெல்லாம் கணக்கராக இருந்த அந்த மனிதர் உள்ளே அப்படியே இருக்கிறார். வெள்ளைத்தாளில் ஒரு கடிகாரம் வரையச் சொல்லியும், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லியும் முதியவர்களைச் சோதிக்கிறார்கள். உங்கள் அப்பா கேட்பாரில்லாமலே அப்படியொரு தேர்வைத் தினமும் எழுதிக்கொண்டிருக்கிறார். எதிர்வீட்டுக்காரருக்கு அவர் சொன்ன பதிலையும் பாருங்கள். கேலி புரிந்திருக்கிறது, கோபம் வரவில்லை, பதில் சுருக்கென்று இருக்கிறது, அதில் மனத்தாங்கலும் இல்லை. தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம் ஊர்களில் சொல்வார்கள் அல்லவா, அந்தக் கணக்கும் அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. இப்போது ஊன்றும் விதை காய்ப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். அதனால்தான் எதிர்வீட்டுப் பேரனின் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

அம்மாவோடு பேசுவது உங்களை மிகவும் அச்சுறுத்துகிறது என்று நினைக்கிறேன். 1971ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டு மருத்துவர் ஒருவர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரைச் சந்தித்து விசாரித்து எழுதினார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், போனவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்ததாகவோ, அவரைக் கண்டதாகவோ, குரலைக் கேட்டதாகவோ, அவரோடு பேசியதாகவோ சொன்னார்கள். அதை அதற்கு முன் எவரிடமும் சொல்லாதவர்களே அவர்களில் மிகுதி, கேட்பவர் சிரிப்பார் என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். உங்கள் அப்பா உரக்கப் பேசிவிட்டார், அவ்வளவுதான் வேறுபாடு. கணவரின் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு அன்றைய செய்திகளையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் பாட்டிகளை நாம் எவரும் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதில்லை. அதையே ஓர் ஆண், தெருவில், பெண்கள் பிடிக்கும் குடையோடு செய்தால் நமக்குப் பொறுக்கவில்லை.

இதைச் சொல்வதால் எல்லாம் நலமே என்று நான் கைகழுவிவிடுவதாக எண்ண வேண்டாம். வேண்டாத கூச்சத்தால் நோயைத் தனிப்போக்கு என்று மூடி வைத்துக் காலம் கடந்து வந்து அழுத குடும்பங்களும் எனக்கு எழுதியிருக்கின்றன. பழகிய ஏரிக்கரையில் வழி தெரியாமல் நின்றார், சோற்றில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று தட்டைத் தள்ளினார், இரவெல்லாம் உறங்காமல் நடந்தார், ஏதோ ஒரு குரல் கட்டளையிடுவதாகச் சொன்னார், உடல் மெலிந்தது, வாழப் பிடிக்கவில்லை என்றார் என்று இவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டாலும் நாள் கடத்தாதீர்கள். நினைவு நன்றாக இருக்கும்போதே கூச்சமும் இரக்கமும் முதலில் தேய்ந்துபோகும் ஒருவகை மூளைத்தேய்வு உண்டு; பக்குவமாகப் பழகியவர் நாளடைவில் முகத்தில் அடித்தாற்போலப் பேசத் தொடங்கினால் அதைக் கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒரு முதியவர் தலைகீழாக மாறினால் அது பெரும்பாலும் உடலின் கோளாறு: சிறுநீர்த் தொற்று, இரத்தத்தில் உப்புக் குறைவு, விழுந்து தலையில் அடிபட்டதால் உள்ளே கசியும் இரத்தம். பி12 சத்தும் தைராய்டும் குறைந்தாலும் மனம் மங்கும். ஆகவே ஒரு பொது மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதில் தவறேதும் இல்லை. உண்மையான காரணத்தைச் சொல்லி, "அப்பா, இரண்டு வருஷமாகத் தனியாக இருக்கிறீர்கள், எனக்குக் கவலையாக இருக்கிறது, ஒருமுறை பார்த்துவிடலாம்" என்று அழைத்துப் போங்கள். வயிற்றைப் பரிசோதிக்கிறோம் என்ற பொய் ஒருமுறைதான் செல்லும். பிறகு உண்மையிலேயே வயிறு வலித்தாலும் அவர் உங்களிடம் சொல்லமாட்டார்.

அண்ணன் சொல்லும் யோசனைக்கு வருகிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவை அவர் ஒருமுறை படிக்க வேண்டும். சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு, தொழில், அரசியல், சமய வழக்கங்களுக்கு ஒருவர் இணங்கி நடக்கவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவு செய்யக்கூடாது என்று அது சொல்கிறது. இப்படியொரு வரியைச் சட்டத்தில் எழுத வேண்டிய தேவை சும்மா வரவில்லை. 1851இல் அமெரிக்காவின் தென்பகுதி மருத்துவர் ஒருவர், அடிமைகள் தப்பி ஓடுவதையே ஒரு நோயாக்கி அதற்குக் கிரேக்கத்தில் பெயரும் சூட்டினார். தற்பால் விருப்பத்தை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973இல்தான். சோவியத் ஒன்றியத்தில் அரசை எதிர்த்துப் பேசியவர்களுக்கு மனச்சிதைவு என்று எழுதி மருத்துவமனைகளில் அடைத்தார்கள். படித்தவர்கள்தான் இவ்வளவும் செய்தார்கள்.

அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு: ஒருவருக்கு மனநோய் இருப்பதாக மருத்துவர் கண்டறிந்தாலும், உரிய நீதிமன்றம் அப்படி அறிவிக்காதவரை அவரைச் சித்த சுவாதீனம் அற்றவராகக் கொள்ள முடியாது. நிலத்தையும் வங்கிக் கணக்கையும் 'இப்போதே' மாற்றிக்கொள்ளலாம் என்பது ஆகாத காரியம். உங்கள் அண்ணன் மனத்தில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, அவர் உண்மையாகவே கவலைப்படுபவராகவும் இருக்கலாம். ஆனாலும் அப்பாவின் மனநலத்தைப் பற்றிய பேச்சும் நிலத்தைப் பற்றிய பேச்சும் ஒரே மூச்சில் வரும் வீட்டில் மகள் சற்று விழிப்பாக இருப்பது நல்லது. 'ஏதாவது ஓர் இல்லம்' என்பதையும் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், அப்படியொரு தனியார் இல்லத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களையும் வீட்டார்தான் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் வழக்கமான ஆறுதல் ஒன்றை நான் சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். பீகாரில் கெஹ்லௌர் என்ற ஊரில் தசரத் மாஞ்சி என்பவர், மனைவிக்கு நேர்ந்த துயரத்துக்குப் பிறகு 1960 முதல் 1982 வரை சுத்தியும் உளியும் கொண்டு தனியாளாக மலையை வெட்டிப் பாதை அமைத்தார். பைத்தியம் என்று சிரித்த ஊர் பிற்பாடு அந்த வழியாக நடந்தது. 2007இல் அவர் இறந்தபோது அரசு மரியாதை தரப்பட்டது. உண்மைதான். ஆனால் இந்தக் கதையைச் சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு மனமில்லை, ஏனென்றால் மலை உடையாமல் போயிருந்தால் மாஞ்சி பைத்தியம்தான் என்று அதற்குப் பொருளாகிவிடும். உங்கள் அப்பாவின் கன்றுகளை ஆடு கடிக்கலாம், கரையை அகலப்படுத்த வரும் இயந்திரம் ஒரே நாளில் வாரிப் போடலாம். 1,412இல் ஒன்றுகூட மரமாகாவிட்டாலும், விடியலில் தம் மனைவியோடு பேசிக்கொண்டு நடக்க அவருக்கு உரிமை உண்டு.

பெண் பார்க்கும் நாளைப் பற்றி: அவரை அனுப்பி வைக்காதீர்கள். ஒருநாள் மறைத்தால் நிச்சயதார்த்தத்திலும் மறைக்க வேண்டும், திருமணத்திலும் மறைக்க வேண்டும், பிறகு ஒருநாள் சம்பந்தி அம்மாள் ஏரிக்கரையில் அந்தக் குடையைப் பார்க்கத்தான் போகிறார். "எங்கள் அப்பா காலையில் பனை விதைக்கப் போவார், அம்மா போனதிலிருந்து அவருக்கு அதுதான் துணை" என்று காபி கொடுக்கும்போதே இயல்பாகச் சொல்லிவிடுங்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்றாலும், முதலில் யார் எப்படிச் சொல்கிறார்கள் என்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. நீங்கள் கூனிக் குறுகிச் சொன்னால் அது நோயாகிவிடும். இதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும். (மணப்பந்தலில் புகுந்து சுந்தரரின் திருமணத்தையே நிறுத்திய கிழவரை அவர் 'பித்தன்' என்று ஏசினார், அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடச் சொன்னார் திருவெண்ணெய்நல்லூர் ஈசன் என்பது நம் ஊர்க் கதை. உங்கள் வீட்டுப் பித்தர் எந்தத் திருமணத்தையும் நிறுத்தக் கிளம்பவில்லை.) உங்கள் மகள் தாத்தாவைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை, அவளைக் கேட்டீர்களா?

உங்கள் கடிதம் முழுவதிலும் என்னை உண்மையாகவே கவலைப்பட வைத்தது ஒன்றே ஒன்று, அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர் கருவேல முள் கிடக்கும் கரையில், இருட்டில், வெறுங்காலோடு நடக்கிறார். நாள்பட்ட சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மங்கும். முள் குத்தினால் தெரியாது, புண் ஆழமான பிறகே வீட்டார் பார்ப்பார்கள், சிலருக்கு விரலையோ காலையோ எடுக்கும்படி ஆகிவிடும். குடையை விட்டுவிடுங்கள், பேச்சை விட்டுவிடுங்கள், பேரேட்டையும் விட்டுவிடுங்கள். இன்றிரவே அவர் பாதங்களை வெளிச்சத்தில் வைத்து, விரலிடுக்கு விடாமல் பாருங்கள். செருப்பை ஏன் விட்டார் என்று கேளுங்கள். அம்மாவுக்காக எடுத்துக்கொண்ட ஏதேனும் நோன்பாக இருக்கலாம், இருந்தால் அதை அம்மாவே ஒப்பமாட்டார் என்று அவரிடம் எடுத்துச் சொல்ல உங்களைவிடத் தகுந்தவர் இல்லை. அதற்கும் அவர் மசியவில்லை என்றால், முன்பக்கம் மூடிய, உள்ளே மெத்தென்றிருக்கும் காலணி ஒரு ஜோடி வாங்கி, மறுநாள் விடியலில் நீங்களும் அவரோடு ஏரிக்கரைக்குப் போங்கள். அடுத்த கடிதத்தில் கால் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.