கேப்போவைக் கழற்றிவிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த வேகத்தில் நாங்கள் நால்வர் ஒரு கன்ட்ரி ஆல்பம் செய்துகொண்டிருக்கிறோம். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் கொடிகட்டிப் பறந்த பாடகன் ஒருவன் இப்போது சாலையோர பாரில் பாடுகிறான். எட்டுப் பாட்டும் அவன் கதைதான். கேட்டவர்கள் மூன்றாம் பாட்டிலேயே அலுத்துவிடுகிறார்கள். எங்கே பிசகுகிறது? பாட்டுகளை இணைத்திருக்கிறேன்.

வி., திருச்சி

அன்புள்ள வி.,

எட்டையும் கேட்டேன். முதல் பாட்டிலேயே அவன் விழுந்து கிடக்கிறான். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தான் என்பது காதுக்குத் தெரியவே இல்லை. ‘அப்போதெல்லாம்’ என்று புலம்புகிறான், அவ்வளவுதான்.

அவனுடைய பழைய ஹிட் ஒன்றை எழுதி முதலில் வையுங்கள். இரண்டரை நிமிடம் போதும். டெம்போ நிமிடத்துக்கு 130 தட்டு. ஸ்நேர் டிரம்மில் பிரஷ் வைத்து ரயில் ஓடுவது போன்ற தாளம், ஃபிடில், பெடல் ஸ்டீல் கிதார், டெலிகாஸ்டர் எலெக்ட்ரிக் கிதார் எல்லாம் இருக்கட்டும். வரிகளில் துளி சோகம் கூடாது. அதே பாட்டு ஆல்பத்தின் கடைசியில் திரும்பி வரவேண்டும். முதல் தடவை கிதார் கழுத்தின் மூன்றாம் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) மாட்டி, இ மேஜரின் கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்களை) பிடியுங்கள். ஜி மேஜர் ஒலிக்கும். கடைசியில் கேப்போவைக் கழற்றிவிடுங்கள். கைக்கு அதே பிடிகள்தான், பாட்டு மட்டும் மூன்று செமிடோன் (அரைச்சுரம்) இறங்கிவிடும். மேல் ஸ்தாயி போய்விட்ட குரல் அப்படித்தான் பாடும். டெம்போவை 96க்குக் குறைத்து, ஒரு கிதாரும் பேஸும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து செமிடோன் இறக்க ஆசைப்படாதீர்கள். கீழ்ச்சுரங்களில் குரல் வெறும் காற்றாகி வார்த்தை கேட்காமல் போகும்.

கார்டுகளை நாஷ்வில்காரர்கள் போல, ஸ்கேலில் எத்தனையாவது சுரத்தில் தொடங்குகிறது என்று பார்த்து 1, 4, 5 என்று எண்களில் எழுதிக்கொண்டால் சுருதி மாறும்போது தாளைத் திருத்த வேண்டாம். ஜோர்டனேர்ஸ் என்ற பின்னணிக் குரல் குழுவின் நீல் மேத்யூஸ் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிவைத்த வழக்கம் அது.

கதையை விளக்கும் பேச்சுத் துண்டுகளை எடுத்துவிடுங்கள். இரண்டாம் தடவை கேட்பவன் அவற்றைத் தாண்டித்தான் போவான். நெல்சன் 1974இல் ‘ஃபேஸஸ் அண்ட் ஸ்டேஜஸ்’ ஆல்பத்தில் ஒரு மணமுறிவை இசைத்தட்டின் முதல் பக்கம் மனைவி பார்வையிலும் மறுபக்கம் கணவன் பார்வையிலும் சொன்னார். நடுநடுவே திரும்பி வரும் ஒரு சின்ன மெட்டுதான் பாலம். உங்களுக்கும் முப்பது விநாடி மெட்டு ஒன்று போதும். அதைத் தனி டிராக்காக வையுங்கள். பாட்டின் தலையில் ஒட்டினால், ஷஃபிளில் கேட்பவனுக்குப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்றே புரியாது.

கதை தெரியாதவனும் முணுமுணுக்க ஒரு பாட்டாவது வேண்டும். 1975இல் வந்த ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ மனைவியைக் கொன்றுவிட்டு அலையும் போதகனின் கதை. ஆனால் நெல்சனைப் பாடகராக முதன்முதலில் கன்ட்ரி பட்டியலின் உச்சியில் ஏற்றியது அதிலுள்ள ‘புளூ ஐஸ் கிரையிங் இன் தி ரெய்ன்’. ஃபிரெட் ரோஸ் எழுதி, ராய் அகஃப் 1940களிலேயே பாடிவிட்ட பழைய பாட்டு! அதைக் கேட்க யாருக்கும் போதகன் கதை தேவைப்படவில்லை.

எல்பி இசைத்தட்டாகப் போடுவதாக இருந்தால் பக்கத்துக்கு 20 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். நீளம் கூடினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், சத்தம் குறையும். தட்டின் மையத்தை நெருங்க நெருங்க உரத்த மேல்சுரங்கள் கரகரக்கும். கடைசியில் ஒற்றைக் கிதார் பாட்டு வருவது அந்த வகையிலும் நல்லது.

புது ஹிட்டுக்கு இடம் வேண்டுமே, எதை வெட்டுவது? ஐந்தாவதை. மேனேஜரைத் திட்ட நான்கு நிமிடம் அதிகம்.