வாசகர் கேள்வி – பதில்: சனி எப்போது பெயர்ந்தார்?

கேள்வி: மேட ராசிக்காரனான என் மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறான். ஏழரைச் சனி தொடங்கிவிட்டது என்று சோதிடர் சொன்னதால் சனிக்கிழமைகளில் கோயிலில் எள்ளெண்ணெய் எரித்து வருகிறேன். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி மீனத்துக்கு வந்தது 2025 மார்ச் 29இல். வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச்சில். "வானத்தில் இருப்பது ஒரு சனிதானே அம்மா, அது எப்படி இரண்டு முறை பெயரும்?" என்று மகன் கேலி செய்கிறான். என்ன பதில் சொல்வது?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: அம்மா, மகன் கேலியாகக் கேட்டிருந்தாலும் கேள்வி நல்ல கேள்வி. சனிக்கோள் சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டுகள் செல்கின்றன. ராசிக்கு இரண்டரை ஆண்டு என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. வாக்கியப் பஞ்சாங்கம் முன்னோர் வகுத்த கணிதத்தை மாற்றாமல் கையாளுவதால், அதிலிருந்த நுண்ணிய பிழை நூற்றாண்டுகளாகச் சேர்ந்து இன்று பதினொரு மாத வேறுபாடாக நிற்கிறது. திருக்கணிதமோ வானத்தைப் பார்த்துத் திருத்தப்படுவது. ஆகவே சனி இன்றிரவு எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வியென்றால் திருக்கணிதமே சரி. வானம் தெளிந்த ஓர் இரவில் காலிமுகத்திடலில் ஒரு சிறு தொலைநோக்கியை வைத்து மகனே அதைச் சரிபார்க்கலாம்.

எனினும் மீனம் எங்கே தொடங்குகிறது என்பது வானத்தில் கீறப்பட்ட கோடன்று, மனிதர் வகுத்துக்கொண்ட எல்லை. திருநள்ளாற்று ஆலயம் வாக்கியத்தைப் பின்பற்றுவதால், 2025 மார்ச்சில் அங்கே பெயர்ச்சி இல்லை என்று அறிவித்தது. ஓர் ஆலயம் தன் விழாவை எந்த நாளில் வைத்துக்கொள்ளும் என்பது அதன் மரபைப் பொறுத்தது. அதில் தொலைநோக்கிக்கு வேலையில்லை. கோள் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் மரபைக் காட்டி நிறுவ முடியாது. இதை நம்மவர் அறியாதவர்களும் அல்லர். கேரளத்து நம்பூதிரியான பரமேசுவரர், பல்லாண்டுகளாகக் கிரகணங்களை அவதானித்து, பழைய கணக்கு வானத்தோடு ஒத்துவரவில்லை என்று கண்டபின், 1431இல் கண்டதைக் கொண்டே கணிதத்தைத் திருத்தினார். அப்போது கலிலியோ பிறப்பதற்கு 133 ஆண்டுகள் இருந்தன என்பதை மகனுக்குச் சொல்லுங்கள். கேலி சற்றுக் குறையும்.

சனியின் இருப்பிடம் ஒரு பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றை மாற்றும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. எள்ளெண்ணெய் எரிப்பது உங்கள் மனதைத் தேற்றுமானால் எரியுங்கள், அவனை இழுத்துச் செல்லாதீர்கள். பரிகாரத்துக்குச் சோதிடர் எவ்வளவு கேட்டார் என்று நீங்கள் எழுதவில்லை; பெருந்தொகையென்றால் அதை ரியூசன் வகுப்புக்குக் கொடுப்பதே மேல்.

கேள்வி: மிஷனரிமார் விஞ்ஞானம் கற்பித்ததால்தான் யாழ்ப்பாணத்துச் சைவம் தளர்ந்தது என்கிறார் நண்பர். சரியா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: தளரவேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள்; எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியில் அமெரிக்க மிஷனரியான டானியல் பூர் வானியலுக்குத் தனி இடம் கொடுத்தார். 1829ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தில் உள்ளூர்ப் பஞ்சாங்கத்தின் கணிப்புச் சற்றுப் பிசகியதைக் கடிகாரத்தோடு நின்று காட்டினால் புராணங்களின் மீதுள்ள நம்பிக்கையும் கூடவே சரியும் என்பது அவர் நினைப்பு. மாணவர்கள் வானியலை விருப்பத்தோடு கற்றார்கள், ஊரார் சைவராகவே இருந்தார்கள். சில நிமிடப் பிழைக்காக யாரும் சிவனைக் கைவிடவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1859இல் டார்வினின் நூல் வந்தபோது, அதே விஞ்ஞானம் மிஷனரிமாரின் படைப்புக் கதையையும் கேள்வி கேட்டது.

கேள்வி: கொவிட் காலத்தில் எங்கள் ஜனாசாக்களை (முஸ்லிம்களின் உடல்களை) எரித்தவர்கள் விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லித்தான் எரித்தார்கள். இனியும் விஞ்ஞானத்தை மதிக்கச் சொல்வது என்ன நியாயம்?
– தெமட்டகொடை வாசகர்

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அது சென்றடைய வேண்டிய முகவரிதான் வேறு. அடக்கம் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. நிலத்தடி நீர் மாசுபடும் என்ற வாதத்தைக் காட்டி இங்கே தகனம் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் உயிருள்ள கலத்துக்கு வெளியே வைரசு பெருகாது. அடக்கம் செய்ய அனுமதிக்கலாம் என்று இலங்கை மருத்துவச் சங்கமும் 2021 ஜனவரியில் பகிரங்கமாகச் சொன்னது. அந்த விடயத்தில் பள்ளிவாசலும் ஆய்வுகூடமும் ஒரே பக்கத்தில் நின்றன. எதிரே நின்றது அரசியல்.

2020 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். பிறந்து 20 நாட்களேயான குழந்தையின் உடலைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகத் தகனம் செய்தபின், பொரளை கனத்தை மயானத்தின் வேலிக் கம்பிகளில் மக்கள், முஸ்லிம்கள் இறந்தவரைப் போர்த்தும் கபன் துணியின் அடையாளமாக வெண்துணிகளை முடிந்தார்கள்; அவை இரவோடிரவாக அவிழ்க்கப்பட்டன. அதே மாதத்தில், கொவிட்டுக்கு மருந்தாகக் காளி அருளியதாகச் சொல்லப்பட்ட பாணிக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள், அன்றைய சுகாதார அமைச்சரே அதைப் பலர் முன்னிலையில் அருந்தினார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று உறுதியானது. உங்களிடம் ஆதாரம் கேட்ட அதிகாரம் பாணியிடம் கேட்கவில்லை. 2021 பெப்ரவரியில் வர்த்தமானி மாற்றப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. நடந்தது பிழை என்று உலகத்துக்கு எடுத்துக்காட்ட உங்கள் கையிலிருந்த வலுவான சான்றுகளில் விஞ்ஞானமும் ஒன்று. அதைக் கைவிட்டால் அடுத்த முறை எதைக் கொண்டு வாதாடுவீர்கள்?

கேள்வி: கண் தானம் செய்தால் மறுபிறவியில் குருடாகப் பிறப்போம் என்கிறார் என் மாமியார். கொடுக்கலாமா?
– பாமன்கடை வாசகி

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். தெய்வீக அற்புதத்தை நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று சவால் விட்டு, அதைக் கொடுக்க நேராமலே 1978இல் மறைந்த ஆபிரகாம் கோவூர் உங்கள் பகுதியில் வாழ்ந்தவர். அந்த நாத்திகர் தம் கண்களைத் தானமாக எழுதிவைத்தார். டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண் தானச் சங்கத்துக்குக் கண் கொடுத்தவர்களோ பெரும்பாலும் தானம் புண்ணியம் என்று நம்பிய பௌத்தர்கள். மாமியாருக்குக் கண்ணப்பரை நினைவூட்டுங்கள்: கண்ணை இடந்து அப்பியவருக்குக் காளத்தியப்பர் கொடுத்தது தம் வலப்பக்கத்தில் ஓர் இடம், குருட்டுப் பிறவி அன்று. உயிர் பிரிந்து சில மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும் என்பதால், விருப்பத்தை இப்போதே வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள். அந்நேரம் இமைகளை மூடி, மின்விசிறியை நிறுத்தி, ஈரப்பஞ்சை வைத்துவிட்டு உடனே சங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்கும் பொறுப்பை மாமியாரிடமே ஒப்படைத்தாலும் நல்லது.