இலங்கைக் கடலில் சுழியோடப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஆகஸ்டில் ஊருக்கு வருகிறோம். ஹிக்கடுவையில் சுழியோடலாமா?

பதில்: ஆகஸ்டில் ஹிக்கடுவை வேண்டாம். சோளகம் வீசும் மாதங்களில் தெற்கும் மேற்கும் கொந்தளிக்கும். படகு வெளிக்கிட்டாலும் அடியில் கலங்கல்தான். அந்த நேரத்தில் கிழக்குக்குப் போங்கள். திருகோணமலை, பாசிக்குடா, மட்டக்களப்புப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். நவம்பரில் வாடை தொடங்கிவிட்டால் எல்லாம் தலைகீழ். ஏப்ரல் வரை கொழும்பு, ஹிக்கடுவை, உனவட்டுன, கற்பிட்டி. டிக்கெட் போட முன்னர் காற்றைப் பாருங்கள், ஹோட்டல் தள்ளுபடியை அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: எனக்கு நீச்சல் சுமார்தான். பயிற்சியில் சேரலாமா? 11 வயது மகனும் வருவேன் என்று நிற்கிறான்.

பதில்: வேகம் தேவையில்லை. 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் முடிந்தால் ஓப்பன் வாட்டர் என்ற முதல் நிலை வகுப்புக்குப் போதும். மகனும் சேரலாம், 10 வயதிலிருந்தே எடுக்கிறார்கள். ஆனால் அவன் வயதுக்கு 12 மீட்டர்தான் எல்லை, பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். உடல்நலப் படிவத்தில் ஆஸ்துமா, இதய நோய் பற்றிக் கேட்பார்கள். அதில் மட்டும் பொய் எழுதாதீர்கள்.

கேள்வி: ஐயா, ஓப்பன் வாட்டர் சான்றிதழ் இருக்கிறது. மட்டக்களப்பில் மூழ்கிக் கிடக்கும் ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்க ஆசை. காசு கொடுத்தால் கூட்டிப்போக ஒருவர் தயாராக இருக்கிறார். போகலாமா?

பதில்: போகாதீர்கள். கூட்டிப்போகிறேன் என்றவரிடம் வேறு எந்த டைவுக்கும் போகவும் வேண்டாம்.

ஹேர்மிஸ் மேல் எல்லோருக்கும் ஏன் இந்த மயக்கம் என்று எனக்கும் தெரியும். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கத் தொடங்கிய முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, தன் விமானங்கள் எதுவும் இல்லாமல் திருகோணமலையை விட்டு வெளியே வந்திருந்த நேரத்தில், ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் வைத்து அதை மூழ்கடித்தன. 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பக்கத்தில் இருந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல் நூற்றுக்கணக்கானோரைத் தூக்கி எடுத்தது. இன்று அது சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். உங்கள் சான்றிதழ் 18 மீட்டருக்கு. பொழுதுபோக்குச் சுழியோடலுக்கே 40 மீட்டர்தான் கடைசி எல்லை. 12 லீட்டர் சிலிண்டரை 200 பார் அழுத்தம் வரை நிரப்பினால் 2,400 லீட்டர் காற்று. மேலே நிமிடத்துக்கு 20 லீட்டர் இழுக்கிறவர், 50 மீட்டரில் அழுத்தம் ஆறு மடங்கு என்பதால் ஆறு மடங்கு இழுப்பார், அதாவது 120 லீட்டர். மொத்தமே 20 நிமிடம். இறங்க, ஏற, அவசரத்துக்கு ஒதுக்க எல்லாம் அதற்குள்தான். அங்கே சில நிமிடம் நின்றாலே, உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, ஏறும் வழியில் ஆங்காங்கே தங்கித்தான் வர வேண்டும். நேரே மேலே வர முடியாது. இது போதாதென்று 30 மீட்டருக்குக் கீழே நைட்ரஜன் போதை வேறு. அந்தப் போதையில் காற்றுமானியைப் பார்த்துவிட்டு, பார்த்த எண்ணையே மறந்துபோகிறவர்கள் உண்டு.

முறையாகப் போகிறவர்கள் ஹீலியம் கலந்த வாயுவோடும், மேலதிக சிலிண்டர்களோடும், வருடக்கணக்கான பயிற்சியோடும் போகிறார்கள்.

கேள்வி: நைட்ராக்ஸ் எடுத்தால் ஹேர்மிஸ் வரை ஆழம் போகலாம் என்கிறார்களே?

பதில்: நேர் எதிர். நைட்ராக்ஸ் என்ற காற்றுக் கலவையில் ஒட்சிசன் அதிகம், அதனால் ஆழ எல்லை குறையும். 32 சதவீதக் கலவைக்கு எல்லை 34 மீட்டருக்குச் சற்று உள்ளேதான். அதை 53 மீட்டரில் சுவாசித்தால் ஒட்சிசனே நஞ்சாகி வலிப்பு வரக்கூடும், வந்தால் மூச்சு விடும் ரெகுலேட்டர் வாயிலிருந்து விழும். நடு ஆழத்தில் கூடுதல் நேரம் நிற்கத்தான் நைட்ராக்ஸ்.

கேள்வி: அப்போ என்னைப் போன்றவர்களுக்குக் கப்பலே இல்லையா?

பதில்: ஏன் இல்லை? அட்வான்ஸ்ட் என்ற அடுத்த நிலை வகுப்பை முடித்து 30 மீட்டருக்குத் தகுதி வந்தால் பிரிட்டிஷ் சார்ஜன்ட் இருக்கிறது. ஹேர்மிஸ் மூழ்கிய அதே நாளில், அதே தாக்குதலில் போன எண்ணெய்க் கப்பல். பாசிக்குடாப் பக்கமிருந்து போகலாம். என்னைக் கேட்டால் பார்க்க ஹேர்மிஸை விட இதுதான் சுவை. வெளிச்சம் எட்டும், பார்க்க நேரம் கிடைக்கும். இரும்பு மேல் மென்பவளம் படர்ந்திருக்கும், இடுக்கில் களவாய், மேலே சீலாக் கூட்டம்.

உள்ளே மட்டும் நுழையாதீர்கள். நீங்கள் விடும் குமிழிகள் மேல்தகட்டில் முட்டினாலே துரு பொரிந்து கொட்டும். காலில் மாட்டிய துடுப்பு ஒருமுறை அடியைத் தட்டினால் சேறு கலங்கி வந்த வழியே தெரியாது. இன்னொன்று, கப்பல் கிடக்கும் இடத்தில்தான் மீன், மீன் உள்ள இடத்தில்தான் வலை. அறுந்த வலையும் தங்கூசியும் இரும்பில் மாட்டிக் கிடக்கும், தண்ணீருக்குள் கண்ணுக்கே படாது. சின்னக் கத்தி ஒன்றை நெஞ்சுப் பக்கம், இரண்டு கைக்கும் எட்டும்படி வையுங்கள். காலில் கட்டினால் படத்துக்கு அழகு, அவ்வளவுதான்.

கேள்வி: நம் கடலில் புதையல் கிடைத்தது உண்மையா?

பதில்: உண்மை. 1961இல் சுழியோடி மைக் வில்சன் குழுவினர் தென்கிழக்கே கிரேட் பாசஸ் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்களைக் கண்டார்கள். சூரத்தில் அடித்தவை. கட்டியிருந்த சாக்கு மக்கிப்போய், நாணயங்கள் சாக்கின் வடிவத்திலேயே இறுகிக் கிடந்தன. அங்கே கடல் அடங்குவது மார்ச், ஏப்ரல் அளவில் கொஞ்ச நாட்கள்தான். நீங்கள் எதையாவது கண்டால் படம் எடுங்கள், கையை வைக்க வேண்டாம்.

கேள்வி: திருகோணமலைப் பக்கம் புறாத்தீவில் பவளம் வெள்ளையாக இருந்தது. செத்துவிட்டதா?

பதில்: வெள்ளை என்றால் உடனே சாவு இல்லை. தண்ணீர் சூடேறினால், தனக்கு உணவு தரும் நுண்பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிடும், அதனால்தான் வெளுக்கிறது. வாரக்கணக்கில் சூடு நீடித்தால் சாகும். மேலே பாசி மயிர் போலப் படர்ந்திருந்தால் முடிந்தது. 1998 சூட்டில் ஹிக்கடுவைப் பவளம் பெருமளவு போனது. புறாத்தீவில் சூட்டுக்கு அடுத்த எதிரி நம் கால்கள். ஆழமில்லாத இடம் என்பதால் களைத்தவர் பவளத்தின் மேலேயே ஏறி நிற்கிறார்.

கேள்வி: மட்டக்களப்பில் டைவ் முடித்து மறுநாள் காலை நுவரெலியா, அதற்கடுத்த நாள் விமானம். சரிதானே?

பதில்: விமானத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், தொடர்ந்து பல டைவ் என்றால் 18 மணி நேரம் குறைந்தது விட வேண்டும். நுவரெலியாவை யாரும் நினைப்பதில்லை. அது 1,800 மீட்டருக்கு மேல், விமானத்துக்குள் இருக்கும் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட சமம். அதனால் மலைப் பாதைக்கும் அதே கணக்குத்தான். பயணத்தைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் மலை, அடுத்து கடல், கடைசி நாளைக் கொழும்பில் கடை சுற்ற விடுங்கள்.