கை சூப்பும் பிள்ளையும் வேப்பெண்ணெய்க் கிண்ணமும்

கேள்வி: ஆச்சி, என் மகளுக்கு நாலரை வயது. யூகேஜி போகிறாள். கை சூப்புவதை ஏறக்குறைய விட்டேவிட்டாள், தம்பி பிறந்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டாள். கட்டைவிரல் ஊறி வெளுத்து, கணுவில் காய்ப்புக் காய்த்திருக்கிறது. அவள் அப்பத்தா தினமும் வேப்பெண்ணெய் தடவுகிறார்கள், அவள் அதைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாயில் வைத்துக்கொள்கிறாள். மிளகாய்ப்பொடி தடவு என்கிறார்கள் பக்கத்து வீட்டில். அவள் அப்பச்சி (அப்பா) சிங்கப்பூரில் இருக்கிறார், போனில் தினமும் கண்டிக்கிறார். பல் தூக்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, தேவகோட்டை

பதில்: முதலில் மிளகாய்ப்பொடி. வேண்டவே வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் அதே கையால் கண்ணைக் கசக்கினால் ராத்திரியில் நீங்கள்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வேப்பெண்ணெயும் வயிற்றுக்குள் போகிற பொருள் இல்லை, சின்னப் பிள்ளைகள் அதை விழுங்கி வாந்தி, வலிப்பு வரை போயிருக்கிறது, வாய்க்குள் போகும் விரலில் அதைத் தினமும் எதற்குத் தடவ வேண்டும்? அடுத்து யாராவது ‘பேர் சொல்லாததை’, அதாவது வசம்பை, உரசித் தடவச் சொல்வார்கள். அதுவும் வேண்டாம், வசம்பை உணவில் சேர்க்கக்கூடாது என்று அமெரிக்காவில் 1968-லேயே தடை போட்டுவிட்டார்கள். அப்பத்தாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர்கள் பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தானே செய்கிறார்கள்.

கை சூப்புவது கெட்ட புத்தி இல்லை. வயிற்றில் இருக்கும்போதே சிசு விரல் சூப்புவது ஸ்கேனில் தெரியும். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டிலிருந்து நாலு வயதுக்குள் தானாக விட்டுவிடுவார்கள். உங்கள் மகளும் விட்டவள்தான், மடியில் இன்னொரு பிள்ளை வந்து உட்கார்ந்ததும் அவளுக்குக் கையில் அகப்பட்ட ஆறுதல் அந்த விரல். அதைத் திட்டிப் பிடுங்கினால் ஆறுதல் தேடி இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள், வீட்டில் எல்லாரும் சேர்ந்து கண்டித்தும் குறையாததற்கு இதுதான் காரணம்.

பல் விஷயம்: நிலைப்பற்கள் ஆறு வயதையொட்டி முளைக்க ஆரம்பிக்கும். அதற்குள் விட்டுவிட்டால் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும், அதனால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. சும்மா விரலை வாயில் வைத்திருப்பது வேறு, சத்தம் வர இழுத்துச் சூப்புவது வேறு, இரண்டாவதுதான் பல்லை அதிகம் தள்ளும். அவளைக் கடைவாய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு உதட்டை விரிக்கச் சொல்லிப் பாருங்கள். மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் குழந்தைகள் பல் டாக்டரிடம் காட்டுங்கள். தெரியாவிட்டாலும் ஒருமுறை காட்டுவது நல்லது, டாக்டர் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள், நாம் சொன்னால்தான் கேட்க மாட்டார்கள்.

இனி வேலை உங்களுக்குத்தான். எப்போது சூப்புகிறாள் என்று ஒரு வாரம் வாய் திறக்காமல் கவனியுங்கள். தூக்கம் வரும்போது, டிவி பார்க்கும்போது, நீங்கள் தம்பிக்குப் பால் கொடுக்கும்போது, அநேகமாக இந்த மூன்றுதான் இருக்கும். பால் கொடுக்கும் நேரத்தில் அவளையும் பக்கத்தில் உட்கார வைத்து, தம்பியின் துண்டை மடித்துத் தரச் சொல்லுங்கள், ஒரு கை அவள் முதுகில் இருக்கட்டும். டிவி நேரத்துக்கு இரண்டு கைக்கும் வேலை வேண்டும். பல்லாங்குழியும் புளியங்கொட்டையும் போதும், ஆனால் தம்பி தவழ ஆரம்பித்தால் கொட்டையை எண்ணி எடுத்து வையுங்கள். வீட்டில் சீப்புச்சீடை செய்கிற நாளில் ஒரு உருண்டை மாவை அவளிடம் கொடுத்துவிடுங்கள், பிழிந்த பட்டையைத் துண்டு துண்டாக நறுக்கி விரலில் சுற்றி ஓரத்தை ஒட்டுவதற்குள் சூப்புகிற நினைப்பே வராது. கோணலாக வந்தாலும் அதையும் சேர்த்துப் பொரித்து, இது நீ செய்தது என்று அவள் தட்டில் வையுங்கள்.

தூக்கம்தான் கடினம், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் குறைந்த பிறகு, அவளே சரி என்றால் மட்டும், ராத்திரிக்கு மெல்லிய பருத்தி உறை ஒன்றைக் கையில் மாட்டிவிடலாம். கட்டி வைக்கக்கூடாது. தூங்கிய பிறகு விரல் வாய்க்குப் போனால் மெதுவாக எடுத்துவிடுங்கள், எழுப்பிக் கேள்வி கேட்க வேண்டாம். சூப்பாத நாளில் தினசரி காலண்டர் தாளில் அவளே ஒரு நட்சத்திரம் ஒட்டட்டும். ஒட்டாத நாளைப் பற்றி யாரும் பேசக்கூடாது.

அப்பச்சிக்கும் ஒரு வார்த்தை. கடல் தாண்டி இருக்கிறவர் போனில் முதல் கேள்வியாக “இன்னும் சூப்புறியா?” என்று கேட்டால், பிள்ளை போன் பக்கமே வராது. காலண்டரைக் காட்டச் சொல்லட்டும், நட்சத்திரத்தை எண்ணட்டும், விரலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: ஐந்து மாதக் குழந்தை எந்நேரமும் கையை வாயில் வைக்கிறது. இப்போதே தடுத்தால்தான் நல்லதா?
– வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். அந்த வயதில் எல்லாம் வாய்க்குத்தான் போகும். கையைக் கழுவிவிடுங்கள், நகத்தை வெட்டிவிடுங்கள், போதும்.

கேள்வி: எட்டு வயதுப் பையன் இன்னும் விரல் சூப்புகிறான், முன்பல் தூக்கிவிட்டது. மேல் அண்ணத்தில் கம்பி வைக்கலாம் என்கிறார் டாக்டர். கொடுமையாகத் தெரிகிறது.
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: கொடுமை இல்லை. விரல் அண்ணத்தில் பதிந்தால்தான் சூப்புகிற சுகம், கம்பி அந்த இடத்தை மறித்துவிடும். முதல் சில நாள் பேச்சும் சாப்பாடும் தடுமாறும், அப்புறம் பழகிவிடும். பழக்கம் நின்ற பிறகும் சில மாதம் கம்பி இருக்கும், அவசரப்பட்டு எடுக்கச் சொல்லாதீர்கள். ஆனால் பையனிடம் முன்னாலேயே சொல்லி, அவன் சம்மதத்தோடு வையுங்கள், எட்டு வயதில் அவனுக்கே வெட்கமாகத்தான் இருக்கும், விட வேண்டும் என்று அவனும் நினைத்துக்கொண்டிருப்பான். கம்பி இருக்கும்வரை கடலைமிட்டாய், எள்ளுருண்டை மாதிரிக் கடித்து இழுக்கிற பண்டம் வேண்டாம். வெள்ளைப் பணியாரம் எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடட்டும்.