பேரிக்காய் கிரம்பிள் ஏன் களியானது?

கேள்வி: ஆடி மாதம் கொடைக்கானல் போய்வந்தபோது பேரிக்காய் வாங்கி வந்தோம். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று, பழத்தின் மேல் உதிரி மாவு தூவி ஓவனில் சுடும் கிரம்பிள் செய்தேன். ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர், மேலே களி மாதிரி மாவு. பழமோ வேகாமல் நறுக்கென்று இருந்தது. 600 கிராம் பழத்துக்கு 150 கிராம் மைதா, 75 கிராம் வெண்ணெய், 75 கிராம் சர்க்கரை போட்டேன். எங்கே தப்பு, அம்மா?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: அளவில் தப்பே இல்லை. நானும் அதே கணக்கில்தான் செய்கிறேன். கோளாறு பழத்தின் தண்ணீரிலும் வெண்ணெயின் சூட்டிலும் இருக்கிறது.

நான் வளர்ந்தது கொடைக்கானலில். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பேரி மரங்கள் நின்றன. காய் கெட்டியாக இருக்கும்போதே பறித்து, அம்மா அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார். பேரி உள்ளிருந்து வெளியே பழுக்கும். மரத்திலேயே விட்டால் வெளியே பார்க்க அழகாக இருக்கும், நடுவில் பழுப்பேறிப் போயிருக்கும். காம்பைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். அதுதான் பதம். ஆனால் மலையில் விற்கும் நாட்டுப் பேரி எத்தனை நாள் வைத்தாலும் கொஞ்சம் கெட்டியாகவே நிற்கும், கடித்தால் மணல் மாதிரி நறநறக்கும். உங்களுக்குக் கிடைத்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதை அப்படியே ஓவனில் வைத்தால் மேல்மாவு சிவக்கிற நேரத்துக்குள் பழம் வேகாது.

அதனால் முதலில் அடுப்பில் கொஞ்சம் வேலை இருக்கிறது. தோல் சீவி, விதைப் பகுதியை எடுத்துவிட்டு, கட்டைவிரல் அகலத் துண்டுகளாக நறுக்குங்கள். இரண்டு மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரையும் பாதி எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் புரட்டி 20 நிமிடம் விடுங்கள். சர்க்கரை பழத்திலிருந்து தண்ணீரை இழுத்துவிடும். ஓவனுக்குள் கிண்ணத்தில் தேங்கி, ஆவியாக மேலேறி உங்கள் மாவை நனைத்தது இந்தத் தண்ணீர்தான். அதைக் கீழே கொட்டிவிடாதீர்கள், பழத்தின் வாசனையெல்லாம் அதில் இருக்கிறது. துண்டுகளோடு வாணலியில் ஊற்றி, மூடி போட்டு மிதமான தீயில் வேகவிடுங்கள். கத்தி நுனி இறங்கியதும் மூடியை எடுத்துவிட்டு, சாறு தேன் பதத்துக்கு வரும் வரை வற்றவிடுங்கள். கடைசியில் நான்கு ஏலக்காயைப் பொடித்துப் போடுங்கள். பட்டை போடுகிறவர்கள் உண்டு. எனக்குப் பேரிக்கு ஏலம்தான். பழநி மலையின் கீழ்ச்சரிவில் விளைகிற ஏலமும் மேலே விளைகிற பேரியும் ஒன்றுக்கொன்று அப்படிப் பொருந்துகின்றன. பழத்தை முழுக்க ஆறவிட்ட பிறகே மாவைத் தூவ வேண்டும். சூடான பழம் பட்டால் வெண்ணெய் அங்கேயே உருகிவிடும்.

அடுத்தது வெண்ணெய். தாம்பரம் வெயிலில் வெளியே வைத்த வெண்ணெய் கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். குழைந்த வெண்ணெயில் பிசைந்தால் அது சப்பாத்தி மாவு மாதிரித் திரண்டுவிடும், உதிராது. ஃப்ரீசரில் அரை மணி வைத்து, கேரட் துருவும் துருவியில் நேராக மைதாவுக்குள் துருவுங்கள். நுனிவிரலால் மட்டும் பிசிறுங்கள், உள்ளங்கை படக் கூடாது. புட்டு மாவு பதம் உங்களுக்குத் தெரியுமே! பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அங்கே நிறுத்திவிட்டுச் சர்க்கரையைக் கலந்துகொள்ளுங்கள். மஞ்சள் நிற உப்பு வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். பழத்தின் மேல் தூவும்போது அழுத்திச் சமப்படுத்தாதீர்கள். இடையிடையே காற்று போனால்தான் மொறுமொறுப்பு வரும்.

ஓடிஜியை (மேசை மேல் வைக்கும் சிறிய மின் ஓவன்) 180 டிகிரியில் 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள், மேல் கீழ் இரண்டு கம்பிகளும் எரியட்டும். பாத்திரம் நடுத்தட்டில். 30 முதல் 35 நிமிடம் ஆகும். மேலே பொன்னிறமும், ஓரங்களில் பாகு கெட்டியாகக் கொப்பளிப்பதும் தெரிந்தால் எடுக்கலாம். எடுத்ததும் மூடி போட்டுவிடாதீர்கள். ஆவி வியர்த்து மாவின் மேல் சொட்டும், பட்ட பாடெல்லாம் வீண். திறந்தபடி கால் மணி ஆறட்டும்.

கேள்வி: எங்களிடம் சாதாரண மைக்ரோவேவ் மட்டும்தான் இருக்கிறது. முட்டையும் சேர்ப்பதில்லை. செய்ய முடியுமா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: கிரம்பிளுக்கு முட்டை தேவையே இல்லை. சாதாரண மைக்ரோவேவில் மாவு வேகும், சிவக்காது. அதனால் பிசிறிய மாவை அடி கனமான வாணலியில் சிறு தீயில் போட்டு, ரவை வறுப்பதுபோல் கிளறிக்கொண்டே 12 நிமிடம் வறுங்கள். முதலில் நெகிழ்ந்து ஒட்டும், பயப்படாமல் கிளறுங்கள், பிறகு தனித்தனியாகப் பிரியும். மணம் வந்ததும் தட்டில் கொட்டி ஆறவிடுங்கள். பழத்தை மேலே சொன்னபடி அடுப்பிலேயே வேகவைத்துக் கிண்ணங்களில் எடுத்து, சாப்பிட உட்காரும்போது மட்டும் மாவைத் தூவுங்கள். மீந்த மாவை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும். மலைவாழைப்பழத்தின் மேல் தூவிக் கொடுத்தாலும் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள்.